அறுபது பேருக்கும் ஒரே ரத்த வகை

"அக்கா, நீங்க ஜெயிச்ச கதையெல்லாம் சொல்லுங்க" என்று கூப்பிட்டிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். ஜெயித்தது டாக்டரம்மா, அவருக்குப் பிறகு லேப், எல்லோருக்கும் மேலே கடவுள். நீங்கள் தப்புச் செய்ததைச் சொல்லச் சொன்னீர்கள். அதில் எனக்குப் போட்டிக்கு ஆள் கிடையாது, அதனால் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஆலோசகர் நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருக்கிற உங்களுக்குச் சட்டதிட்டங்களை நான் சொல்ல வேண்டியதில்லை. படிவங்களை என்னைவிட வேகமாக நிரப்புகிறீர்கள், பார்த்தேன். நான் விருதுநகரில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் நர்ஸாக ஓடியாடி, முழங்கால் போன பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலைச் சனங்கள். தீபாவளி சீசனில் அவர்களுக்கு ஒரு நாள் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், என் முதல் தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

மாரிக்கனி, காளிராஜ் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர்கள் அல்ல. தாயில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். காளிராஜ் பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்குகிறவர், மாரிக்கனி வீட்டில் காகிதக் குழாய் சுற்றுகிறவள். கல்யாணமாகிப் பதினோரு வருடம். குறை காளிராஜிடம்தான். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததில் விந்தணுவே இல்லாமல் போயிருந்தது. அவர் ஆலை மருந்தைத்தான் குற்றம் சொல்வார், டாக்டரம்மா எத்தனை முறை விளக்கினாலும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஆலையிலேயே வந்து நிற்பார்.

ஊருக்கு மட்டும் வேறு கதை. அங்கே குறை மாரிக்கனிக்கு. மாமியார் அவளைக் கூட்டிக்கொண்டு போகாத கோயில் இல்லை, விசேஷ வீட்டில் ஆரத்தித் தட்டைத் தொடவும் விடுவதில்லை. நான் ஒருநாள் பொறுக்காமல், "உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே" என்று கேட்டேன். "அவுகளைப் பத்தி நாலு பேரு சிரிச்சா நான் எங்கன போயி நிக்கட்டும் சிஸ்டர்? என்னையப் பேசினா பேசிட்டுப் போகட்டும்" என்றாள். கொஞ்சமும் வருத்தம் இல்லாமல் சொன்னாள். அதை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

தானமாக வரும் விந்தணுவில் குழந்தை பெற இருவரும் சம்மதித்தார்கள். அவள் பேசினாள், அவர் தலையாட்டினார். யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை. அதற்காகத்தான் நாம் உயரம், நிறம், ரத்த வகை எல்லாம் கணவரோடு பொருத்திப் பார்த்துக் கொடையாளரை எடுக்கிறோம். மற்ற ஊரில் ரத்த வகை யார் கண்ணிலும் படாமல் போகலாம். அந்தப் பக்கத்தில் போகாது. எப்போது எந்த ஆலையில் தீப்பிடிக்கும், யாருக்கு ரத்தம் வேண்டும் என்று தெரியாததால் இளவட்டங்கள் வாட்ஸ்அப்பில் குழு வைத்து, வீட்டுக்கு வீடு வகையை எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட அடையாள அட்டையிலும் அது இருக்கும்.

காளிராஜுக்கு ஊசி என்றால் பயம். கையில் ஒரு டப்பா மருந்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற மனுஷன், ரத்தம் எடுக்கிற பெண்ணைப் பார்த்தால் முகம் வெளிறிவிடுவார். முதல் தடவை எடுத்தபோதே மயங்கி என் தோளில் சாய்ந்தார். நோய்த்தொற்றுச் சோதனைகள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன. ரத்த வகை பார்க்க வைத்த குழாயில் மட்டும் ரத்தம் உறைந்துபோயிற்று, மறுபடி வேண்டும் என்று லேபில் சொன்னார்கள். அவர் சட்டைக்குள்ளிருந்து ஆலை அடையாள அட்டையை வெளியே இழுத்தார்.

"இதுல போட்டிருக்கு சிஸ்டர். ஓ பாசிட்டிவ். இதுக்காக இன்னொரு நாளு லீவு கேட்டா போர்மேன் கேட்டுக்குள்ளேயே விடமாட்டாரு."

அட்டை பளபளவென்று இருந்தது. படம், பெயர், முத்திரை எல்லாம் சுத்தம். நான் பார்த்து எழுதிவிட்டேன். மாரிக்கனியும் ஓ பாசிட்டிவ்தான். நல்லதாய்ப் போயிற்று, தேடும் வேலை மிச்சம் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. ஊசிக்குப் பயந்த மனுஷன் மேல் இரக்கம், லீவு கிடைக்காதவர் மேல் இரக்கம், எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். இந்த மூன்றில் எது என்னை எழுத வைத்தது என்று கேட்டால் மூன்றும்தான்.

சிகிச்சைக்கு நாள் வந்தது. மூன்று மாதம் மாத்திரையும் ஊசியும் போட்டும் சரியாக வளராத கருமுட்டை அந்த மாதம் நன்றாக வளர்ந்திருந்தது. மாரிக்கனிக்கு வயது முப்பத்தெட்டு. இப்படி இன்னொரு மாதம் வாய்க்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. முட்டை வெடிப்பதற்கான ஊசியும் போட்டாயிற்று. காலை பத்து மணிக்கு அவள் தனியாக வந்தாள். "அவுக பின்னாடியே வாறாக" என்றாள். அன்றைக்கும் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நடக்கும். லேப் பெண் உறைநிலையிலிருந்த குப்பியை வெளியே எடுத்து இளக்கிவிட்டாள். இளக்கியதை மறுபடி உறைய வைக்க முடியாது, உங்களுக்கே தெரியும். மாடியில் ஒரு அவசரப் பிரசவம், டாக்டரம்மா அறுவை அறையில். முடித்துவிட்டு நேராக வந்துவிடுவார்.

காளிராஜ் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். "பொண்டாட்டி அங்கன படுத்துக் கெடக்கா, இதுதான் வார நேரமா?" என்று நான் எகிறினேன். அவர் கையைத் தூக்கி நெற்றி வேர்வையைத் துடைத்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்ன அது?"

"ரத்தம் குடுக்கப் போனேன் சிஸ்டர். நேத்து எங்க கம்பெனியில பக்கத்து ரூம்ல தீப்பிடிச்சிருச்சு. ஒருத்தருக்கு உடம்புல பாதி வெந்துபோச்சு. எங்கூட பத்து வருசமா வேலை பாக்குறவரு. ஓ பாசிட்டிவ் வேணும்னாக. இவ இம்புட்டு ஊசி போட்டுக்கிடுதா, நமக்கு ஒரு ஊசிக்கு என்னன்னு போனேன்."

என் கோபம் இறங்கிவிட்டது. "குடுத்தீகளா?" என்று கேட்டேன்.

"எடுத்துப் பாத்துட்டு இது சேராதுன்னுட்டாக. நான் ஏபி பாசிட்டிவாம். எங்க கம்பெனியிலிருந்து நாலு பேரு போனோம், நாலு பேரு கார்டுலயும் ஓ பாசிட்டிவ். ஒருத்தனுக்குத்தான் சேந்துச்சு. என்ன சிஸ்டர், ரத்தம் மாறுமா?"

"அந்தக் கார்டு யாரு போட்டது?" என்றேன்.

"ஆபீசர் பாக்க வாறாருன்னு ஒரே நாள்ல அம்புட்டுப் பேருக்கும் அடிச்சாக. அறுபது பேரு. போர்மேனுக்கு அவரு குரூப்பு ஒண்ணுதான் தெரியும். அதையே எல்லாத்துக்கும் போட்டுட்டாரு. நாங்க அதை யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டோம்."

நான் பார்த்திருக்கிறேன். பார்த்து, ஒரு பெண்ணின் வயிற்றில் எந்தப் பிள்ளை வளர வேண்டும் என்பதை அதை வைத்து முடிவு செய்திருக்கிறேன். கணக்கு எளிதுதான், ஆனால் அன்றைக்கு அதை மூன்று தடவை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அம்மா ஓ, கொடையாளர் ஓ, பிள்ளை கட்டாயம் ஓ. ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை பிறக்காது. பள்ளிக்கூடத்தில் ஒரு அட்டை போட்டால் போதும், விவரம் தெரிந்த எவனாவது ஒருவன் வாயைத் திறப்பான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாரிக்கனி பதினோரு வருடம் மூடி வைத்தது அத்தனையும் வீதிக்கு வரும், அதுவும் அவள் நடத்தை மேல் பழியாக வரும்.

மாடிக்கு ஓடினேன். ஓடினேன் என்பது சும்மா, அந்த முழங்காலோடு ஏறினேன். அறுவை அறைக் கதவை ஒருக்களித்து விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மா நிமிரக்கூட இல்லை. ஒரு தாயின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் எனக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தவர், திட்ட வேண்டிய நேரத்தில் திட்டாமல் விடுவது அவருடைய வழக்கம். அது திட்டை விட மோசமாக இருக்கும்.

"முடிவு என்னோடது இல்ல, உன்னோடதும் இல்ல. அவுக ரெண்டு பேரையும் கேளு. நான் வர இருபது நிமிஷம் ஆகும்."

"ரெண்டு பேரையும்" என்றுதான் சொன்னார். என் காதில் "கேளு" என்பது மட்டும் விழுந்தது. இறங்கி வந்து காளிராஜை மட்டும் வராந்தாக் கோடிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் அவருடையது, அதனால் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று என் புத்திக்குத் தோன்றிற்று. இது இரண்டாவது தப்பு. உள்ளே படுத்திருக்கிறவளின் உடம்புக்குள் நடக்கப்போகிற காரியத்தை வெளியே நிற்கிற ஆளிடம் கேட்கிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை.

சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்தது. "அப்போ நான் ஓ இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "நிறுத்திருங்க சிஸ்டர்" என்றார்.

"ஏபி கொடையாளர் இப்போ வங்கியில இல்ல. எப்போ கிடைக்கும்னு சொல்ல முடியாது. மாரிக்கனிக்கு இந்த மாசம் மாதிரி அமையுமான்னும் தெரியாது."

"நிறுத்திருங்க. ஆனா அவகிட்ட இதைச் சொல்லாதீக. முட்டை சரியில்லைன்னு ஏதாவது சொல்லிருங்க. அவ தாங்கிக்கிடுவா."

சரி என்று நான் சொல்லவில்லை. சொல்லவில்லையே தவிர, சிகிச்சை அறையை நோக்கி நடந்தபோது அந்தப் பொய் என் நாக்கில் தயாராக இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். என் தப்பு வெளியே தெரியாமல் போக அது ஒரு வழி என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இல்லை, அவளை இன்னும் குழப்ப வேண்டாம் என்று நினைத்தேனோ என்னவோ. உள்ளே போகும்போது என்ன நினைத்தேன் என்பது எனக்கே பிடிபடவில்லை.

அவள் பச்சைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். "அவுக வந்துட்டாகளா? ஏதாவது சாப்பிட்டாகளா?" என்றாள்.

"வந்துட்டாரு" என்றேன். "இன்னைக்கு வேண்டாம் மாரிக்கனி. முட்டை சரியா…"

அவள் முடிக்கச் சொல்லவில்லை.

"சரி சிஸ்டர். எப்பவும் போல எங்கிட்டதான குறை." குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "அவுககிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. நான் சொன்னா அவுக மூஞ்சி சுண்டிப்போகும், என்னால பாக்க முடியாது."

எனக்கு அவமானமாக இருந்தது. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாக நான் என்னை உணர்ந்ததில்லை. குறையே இல்லாத ஒருத்தியை, நிஜமாகவே குறை தனக்குத்தான் என்று அவளையே நம்ப வைத்துவிட்டேன். மாமியார் பதினோரு வருடம் முயன்றும் முடியாதது அது. மாமியார் பேசியபோதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் உண்மை தெரியும். அதுதான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. நான் அதையும் பிடுங்கப் பார்த்தேன்.

"பொய் சொல்லிட்டேன்மா. உன் முட்டை நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது" என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அட்டை, போர்மேன், ஏபி, ஓ எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு படிவத்தின் பின்பக்கம் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினேன். அவள் எழுந்து உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்தாள்.

"அப்போ எங்கிட்டக் குறைன்னு சொல்லச் சொன்னது யாரு?"

நான் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அவுகளை உள்ள வரச் சொல்லுங்க" என்றாள்.

காளிராஜ் கதவருகிலேயே நின்றார். வெளியே போகிறேன் என்றேன். "நீங்க இருங்க" என்று மாரிக்கனி சொல்லிவிட்டாள்.

"எம்மேல ஏன் போட்டீக?"

"ஒரு மாசம் தள்ளிப்போகும், அம்புட்டுத்தானன்னு…"

"அதைக் கேக்கலை. எம்மேல ஏன் போட்டீக?"

"நீ தாங்கிக்கிடுவேன்னு நெனச்சேன்."

"தாங்குறவ மேலயே ஏத்துவீகளா? பதினோரு வருசமா நானா எடுத்துச் சொமந்தேன். அது வேற. நீங்களே எடுத்து எந்தலையில வைக்கது வேற. உங்களுக்கு அது வெளங்கலையா?"

அவர் வாசற்படியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஊர் பேசும் என்றுதான் இந்த மனுஷன் பயப்படுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆலோசகர் இல்லையா, எல்லாம் தெரிந்தவள். சமாதானமாக ஏதோ சொல்லவும் ஆரம்பித்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை, அவளிடம் பேசினார்.

"காலையில அவரு அங்கன கட்டுப் போட்டுக் கெடக்காரு மாரி. நான் கையை நீட்டுறேன், சேராது எந்திரிங்கன்னு அனுப்பிட்டாக. பத்து வருசம் ஒண்ணாச் சோறு தின்னவரு. ஒண்ணுக்கும் ஆகாதவன் மாதிரி வெளிய வந்து நின்னேன். நம்ம புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா நான் ஓடிப்போயி கையை நீட்டணும்ல? அப்பவும் இப்படியே எந்திரிச்சுப் போன்னுட்டா? அப்போ எல்லாருக்கும் தெரியுமே, நான் அதுக்கு யாரும் இல்லைன்னு. அதுக்கே தெரியுமே."

மாரிக்கனி வட்டம் போட்ட தாளை அவரிடம் நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "சொந்தப் புள்ளைன்னா அப்பன் ரத்தம் கட்டாயம் சேருமா சிஸ்டர்?" என்றாள்.

"சேரும்னு இல்ல. எங்க அப்பா ரத்தமே எனக்குச் சேராது. இன்னொண்ணு, உங்களுக்கே புள்ளை பொறந்திருந்தாலும் அவரு ஏபி, நீ ஓ. அதுக்கு அவரு ரத்தம் ஏத்த முடியாது."

இதை அவர் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். தாளில் போட்ட வட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அப்போ நமக்கே பொறந்திருந்தாலும் என்னைய எந்திரிச்சுப் போன்னுதான் சொல்லியிருப்பாகளா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா வேறென்னவா என்று எனக்கு விளங்கவில்லை.

"என் ரத்தம் சேரும்ல? நான் குடுக்கேன். நீங்க பக்கத்துல நில்லுங்க" என்றாள் மாரிக்கனி.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். குழப்பம் தெளிந்தபாடில்லை. ஊருக்குத் தெரிந்துவிடும் என்கிற சிக்கல் அப்படியே இருந்தது, அதை யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். நான்தான் சொன்னேன். காளிராஜ் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிப் பார்த்தார். "இதுல ஓன்னுதான இருக்கு. நான் ஓவாவே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணுன்னா முதல்ல அதைத்தான் பாப்பாக. புள்ளைக்காகப் பொய்யைக் கழுத்துல மாட்டிக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள போவீகளோ? மாத்துங்க அதை" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் எப்படியும் சோதித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள், ஏபிக்கு ஓ ஏற்றினாலும் பெரிய கேடு இல்லை. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவள் சொன்னது மருத்துவம் இல்லை என்று தோன்றிற்று. நான் மறைத்தது சரியா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

காளிராஜ் எழுந்து வெளியே போனார். போயே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "யம்மா, நான் சொல்லுறதைக் கேளு. குறை எனக்கு. மாரிக்கு ஒண்ணும் இல்ல. ஆரம்பத்திலிருந்தே எனக்குத்தான். எங்களுக்குத் தெரியும், ஒங்கிட்டச் சொல்லலை." பிறகு எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம் என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். வராந்தாவில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"என்ன சொன்னாக?" என்று மாரிக்கனி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை. போனை வச்சிட்டா."

டாக்டரம்மா கையைத் துடைத்தபடி வந்தார். இருவரையும் பார்த்து, "போடவா, வேண்டாமா?" என்று கேட்டார். மாரிக்கனி கணவரைப் பார்த்தாள். அவர், "போடுங்க" என்றார். "நீ சொல்லும்மா" என்றார் டாக்டரம்மா. அவளும் சொன்ன பிறகுதான் கையுறையைப் போட்டார். இருவரின் கையெழுத்துக்கும் கீழே, ரத்த வகை பொருந்தவில்லை, தெரிந்தே சம்மதிக்கிறோம் என்று நான் எழுதி, என் தவற்றையும் எழுதிக் கையொப்பமிட்டேன். அன்று சாயங்காலமே பழைய கோப்புகளைப் புரட்டினேன். அட்டையைப் பார்த்து வகை எழுதியவை இன்னும் இரண்டு இருந்தன. இரண்டு பேரையும் வரவழைத்து மறுபடி ரத்தம் எடுத்தோம். எடுத்துவிட்டுத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

அந்த மாதம் கரு தங்கவில்லை. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். இரண்டு மாதம் கழித்து, அதே கொடையாளருடைய இன்னொரு குப்பியில் தங்கிற்று. பெண் குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. முடிவைச் சொல்லாவிட்டால் கடைசி வரை அதையேதான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் சொல்ல வந்தது அந்த இரண்டாவது நாளைப் பற்றி.

அன்றைக்கு மாரிக்கனியோடு மாமியாரும் வந்திருந்தார். காளிராஜ் கையெழுத்துப் போட்டுவிட்டு மாத்திரை வாங்கப் போயிருந்தார். சிகிச்சை முடிந்து மாரிக்கனி உள் அறையில் அசையாமல் படுத்திருந்தாள். மாமியார் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ஒடிசலான உடம்பு, காதில் சின்னக் கம்மல், இடுப்பில் செருகிய சுருக்குப்பை.

"நீதான் எம்மவனுக்கு ரத்தம் பாக்காம எழுதுனவளா?"

"ஆமாம்மா" என்றேன்.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து என் மேஜையில் இருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா எனக்கு ஒண்ணும் ஓடலை தாயி. யாரு புள்ளையோன்னு ஒரு நாளு நெனக்கேன். எம்மவன் புள்ளைதானன்னு மறுநாளு நெனக்கேன். கேக்குறதுக்கும் ஆளு இல்ல. நீ படிச்சவ, சொல்லு. பொறக்குறதுக்கு நான் அப்பத்தாதான?"

இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நமக்குப் பயிற்சியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். அது குடும்பத்தினர் தீர்மானிக்க வேண்டியது என்று சொல்ல வேண்டும். நம் கருத்தைத் திணிக்கக் கூடாது. மனப்பாடமாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாம்மா. நீங்கதான் அப்பத்தா" என்று வந்தது.

கிழவி கண்ணைத் துடைக்கவில்லை, கும்பிடவும் இல்லை. எழுந்து நின்று சேலையைச் சரிசெய்தார்.

"அப்படின்னா அது வாரதுக்கு முன்ன அதோட ஆத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டாகணும். பதினோரு வருசம் பேசியிருக்கேன். அவ எந்த ரூம்ல கெடக்கா?"

அந்த அறைக்குள் அந்த நேரத்தில் யாரையும் விடக் கூடாது என்பது எங்கள் மையத்தின் விதி. அதை எழுதி ஒட்டியவளே நான்தான். கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.